புதுப் பேனாவும் புதுக் கூடாரமும்

பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "புதுப் பேனாவை அப்படியே எடுத்துக்கிட்டுப் போகாதே. ராத்திரியே ரெண்டு பக்கம் எழுதிப் பார்த்துடு." பேனா நல்ல பேனாதான். கடைக்காரர் கிறுக்கிக் காட்டித்தான் கொடுத்தார். ஆனாலும் மூன்று மணி நேரம் விடாமல் எழுதும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு சமாச்சாரம்.

பேனா விஷயத்தில் இவ்வளவு உஷாராக இருக்கிற மனிதர்கள், கூடாரம் என்று வந்தால் மட்டும் ஏனோ தலைகீழாக நடந்துகொள்கிறார்கள். ஒரு கிலோவுக்கும் குறைவான புத்தம்புது லைட்வெயிட் டென்ட் பார்சலில் வருகிறது. அந்த வார இறுதியே அதைப் பையில் திணித்துக்கொண்டு தனியாளாக மலை ஏறுகிறார்கள். கேட்டால், "டென்ட்டை டெஸ்ட் பண்ணப் போறேன்" என்று பதில் வருகிறது. இரவு காற்றில்லாமல் கழிந்தால் "அருமையான டென்ட்" என்று தீர்ப்பு. கழியாவிட்டால்? அந்தக் கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

இது சோதனையே அல்ல. சோதனை என்றால் தோற்பதற்கு இடம் இருக்க வேண்டும். தோற்றால் உயிருக்கே ஆபத்து என்கிற இடத்தில் செய்வதற்குப் பெயர் பந்தயம். அதுவும் தனியாகப் போகும்போது வைக்கக்கூடாத பந்தயம்.

சரி, லைட்வெயிட் கூடாரம் எப்படி லைட்வெயிட் ஆனது என்று முதலில் பார்க்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1865-ல் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலில் ஏறிய குழுவின் தலைவர் எட்வர்ட் விம்பர். ஆல்ப்ஸ் மலைகளில் பயன்படுத்துவதற்காக அவரே ஒரு கூடாரம் வடிவமைத்தார். கெட்டித் துணி, நான்கு மரக்கம்புகள், அடித்துணியும் சேர்த்துத் தைத்தது. எடை சுமார் 10 கிலோ. ஆனால் அதைத் தூக்க ஆட்கள் இருந்தார்கள், உள்ளே பலர் படுக்கலாம். அடுத்த தலைமுறையில் வந்தவர் மம்மரி. 1895-ல் நங்க பர்பத்தில் உயிரிழந்த அதே மம்மரிதான். அவர் பெயரில் வழங்கிய கூடாரம் மெல்லிய பட்டுத் துணியால் ஆனது, 2 கிலோவுக்கும் குறைவு. கம்பு எங்கே என்று கேட்டால், கையில் இருக்கிற ஐஸ் கோடரிகள்தான் கம்பு. இன்று ட்ரெக்கிங் ஸ்டிக்கையே நடுக்கம்பாக நிறுத்துகிற கூடாரங்கள் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்கப்படுகின்றன. யோசனை என்னவோ நூறு வருடத்துக்கும் மேல் பழையது.

இன்றைய ஓராள் கூடாரம் பல 1 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. சில அரை கிலோவைத் தொடுகின்றன. அந்த எடை எங்கே போனது? ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்கலாம்.

முதலில் கம்பு போயிற்று. நடக்க உதவும் குச்சியே கம்பு ஆனது. நல்ல யோசனைதான். ஆனால் பகலில் பாறையில் சிக்கி அந்தக் குச்சி உடைந்தால் இரவில் வீடும் இல்லை. கூடாரத்தை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுச் சிகரத்துக்குப் போய்வரலாம் என்றால், குச்சியைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அடுத்து இரண்டாவது துணி போயிற்று. பழைய கூடாரங்களில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு அடுக்கு இருக்கும். உள்ளே தூங்குகிறவரின் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் சில நூறு மில்லி தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாகப் பூக்கிறதே, அதே கதைதான் கூடாரத்தின் குளிர்ந்த துணியிலும் நடக்கிறது. இரண்டு அடுக்கு இருந்தால் அந்த ஈரம் வெளித்துணியின் உட்புறத்தோடு நின்றுவிடும். ஒரே அடுக்கு என்றால் நெற்றியில் சொட்டும், உறக்கப்பையின் கால்பக்கம் துணியில் உரசி நனையும். இறகு அடைத்த உறக்கப்பை நனைந்தால் சப்பையாகிவிடும், கதகதப்பு போய்விடும்.

பிறகு துணியின் கனம் போயிற்று. நூலின் பருமனை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். லேசான கூடாரங்களில் 10, 15, 20 டெனியர் என்று வந்துவிட்டது. சிலிக்கான் பூசிய நைலான் துணி மெல்லியது, உறுதியானது. ஆனால் நைலான் ஈரத்தைக் குடித்து நீள்கிற சாதி. சாயங்காலம் தவில் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டிய கூடாரம், மழை பெய்து இரண்டு மணி நேரத்தில் தொய்ந்து தொங்கும். தொய்ந்த துணி காற்றில் படபடவென்று அடிக்கும், அடிக்கிற அடியில் முளைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். நடுராத்திரி எழுந்து போய்க் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டாமல் முடியாது. பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. டைனீமா கலந்த துணி நீளவே நீளாது, ஆனால் விலை தலைசுற்ற வைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். சிலிக்கான் பூசிய துணியில் தையலை மூடும் டேப் ஒட்டாது. அதனால் சில கூடாரங்கள் தையல் துளைகள் மூடப்படாமலே வருகின்றன. வாங்கியவர்தான் உட்கார்ந்து பசை தடவி அடைக்க வேண்டும். இது தெரியாமல் பெட்டியிலிருந்து நேரே மலைக்கு எடுத்துப் போகிறவர், முதல் மழையில் 'டென்ட் ஒழுகுகிறது' என்று கம்பெனியைத் திட்டுவார். ஒழுகியது டென்ட் அல்ல, படிக்காமல் விட்ட அந்த ஒரு பக்கக் குறிப்பு.

ஆக, குறைந்த ஒவ்வொரு நூறு கிராமும் முன்பு ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. எடை போய்விட்டது, வேலை போகவில்லை. அந்த வேலை இப்போது கூடாரத்துக்குச் சொந்தக்காரரின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கே கட்டுவது, எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது, எப்போது கயிற்றை இழுப்பது, எந்த ஜன்னலைத் திறந்து வைப்பது என்று எல்லாம் அவர் அறிந்திருக்க வேண்டும். லேசான கூடாரம் என்பது கடையில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி பழக்கத்தில் வருவது. அந்தப் பழக்கம் இல்லாமல் எடையை மட்டும் குறைத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர், பாதிக் கூடாரத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்.

பெட்டியில் அச்சடித்த எண்கள் இதில் எதையும் சொல்வதில்லை. '3,000 மி.மீ.' என்று போட்டிருக்கும். அந்தத் துணியின் மேல் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் தாங்கும் என்று பொருள். நல்லதுதான். ஆனால் அது சோதனைக்கூடத்தில் துணிக்குக் கொடுத்த மார்க். தையலுக்கும் ஜிப்புக்கும் கொடுத்தது அல்ல, கட்டுகிறவரின் கைக்குக் கொடுத்ததும் அல்ல.

காற்றின் கணக்கு இன்னும் மோசம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. வீட்டுத் தோட்டத்தில் மணிக்கு 20 கி.மீ. காற்றில் ஜம்மென்று நின்ற கூடாரத்துக்கு, மேட்டில் 60 கி.மீ. காற்று என்பது 'கொஞ்சம் அதிகம்' அல்ல, ஒன்பது பங்கு. நாளை காலைதான் இறங்க முடியும் என்கிற இடத்தில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்வது புத்திசாலித்தனமா?

இதோடு தனிமையைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பேர் போனால் ஒருவர் துணியைப் பிடிக்க, இன்னொருவர் முளை அடிப்பார். தனியாளுக்கு இரண்டே கை. காற்றடிக்கும்போது மெல்லிய துணியை உதறி விரித்தால் அது பட்டமாகிவிடும். பழகியவர் விரிப்பதற்கு முன்பே காற்று வரும் பக்கத்து முனையை முளையடித்து இறுக்கிவிடுவார், பிறகுதான் மெதுவாகப் பிரிப்பார். இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் இருட்டில், மழையில், விரல் விறைத்த நிலையில் முதல்முறையாக யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயமும் இல்லை. கை தானாகச் செய்ய வேண்டும். பத்து முறை செய்த கைதான் தானாகச் செய்யும்.

இந்த விஷயத்தைப் பேசுவதற்கு ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலைகளைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அங்கே 2003-ல் நிறைவேறிய நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்கிற எவரும் பெரும்பாலான திறந்தவெளிகளில் கூடாரம் போட்டுத் தங்கலாம். அதனாலேயே கூடாரத்தைச் சோதிக்க நினைக்கிற தனியாட்கள் பலர் அங்கே போகிறார்கள். உயரத்தைப் பார்த்தால் பயமே வராது. கேர்ன்கார்ம் சிகரம் 1,245 மீட்டர், பக்கத்தில் இருக்கிற பென் மக்டூயி 1,309 மீட்டர். கொடைக்கானல் ஊரே 2,000 மீட்டருக்கு மேல் என்று நினைத்தால் சிரிப்புகூட வரலாம். ஆனால் 1986 மார்ச் 20 அன்று அந்த 1,245 மீட்டர் சிகரத்தில் இருக்கும் வானிலை நிலையம் பதிவு செய்த காற்றின் வேகம் மணிக்கு 173 மைல். அதாவது சுமார் 278 கி.மீ.

அதே மலையில் 1971 நவம்பரில் நடந்தது இன்னும் மறக்கப்படவில்லை. எடின்பரோவிலிருந்து வந்த ஒரு மாணவர் குழு, மேல்பீடபூமியில் இருந்த ஒரு சிறு குடிலில் இரவு தங்குவதாகத் திட்டம் போட்டுப் புறப்பட்டது. பனிப்புயலில் குடிலை அடைய முடியவில்லை. திறந்தவெளியில் இரண்டு இரவுகள். ஐந்து மாணவர்களும் பயிற்சியில் இருந்த வழிகாட்டி ஒருவரும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பெரிய விவாதம் நடந்தது. மலைமேல் இருக்கும் குடில்கள் உயிரைக் காக்கின்றனவா, அல்லது 'மேலே கூரை இருக்கிறது' என்ற நம்பிக்கையைக் கொடுத்து, போகக்கூடாத நாளில் ஆட்களை மேலே இழுக்கின்றனவா என்பதுதான் கேள்வி. கடைசியில் அந்தக் குடிலும் அதைப்போன்ற இன்னொன்றும் 1975-ல் அகற்றப்பட்டன.

அந்தக் குழு போனது கூடாரத்தைச் சோதிக்க அல்ல. ஆனாலும் அந்த விவாதத்தின் சாரம் இங்கே அப்படியே பொருந்துகிறது. பையில் இருக்கிற புதுக் கூடாரமும் ஒரு கூரைதான். அது இல்லாவிட்டால் மதியமே திரும்பியிருக்கக்கூடியவர், அது இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் மேலே போகிறார். அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் என்ன? விளம்பரப் படமும் பெட்டியில் போட்ட எண்ணும்தான். ஒரு மழை இரவையாவது கூடாரத்தோடு கழித்துவிட்டு வந்த தைரியம் வேறு, காசு கொடுத்து வாங்கிய தைரியம் வேறு.

இதற்கு மறுப்பாகச் சிலர் எம்மா கேட்வுட் பாட்டியைக் காட்டுவார்கள். 1955-ல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், சுமார் 3,300 கி.மீ. தூரத்தை, தனியாக நடந்து முடித்தவர். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கூடாரம் கிடையாது. கையால் தைத்த ஒரு துணிப்பை, காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ, மழைக்குக் குளியலறையில் தொங்குகிற பிளாஸ்டிக் திரை ஒன்று, அவ்வளவுதான். 'பாட்டி எதை டெஸ்ட் பண்ணினார்?' என்று கேட்பார்கள்.

பண்ணினார். கதையின் முதல் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. அதற்கு முந்தைய வருடம், 1954-ல், மெய்ன் மாநிலத்திலிருந்து அவர் நடக்க ஆரம்பித்தார். சில நாட்களிலேயே வழி தவறினார், மூக்குக் கண்ணாடி உடைந்தது. காட்டுக் காவலர்கள் கண்டுபிடித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் போனார். அடுத்த வருடம் மே மாதம் எதிர் முனையான ஜார்ஜியாவிலிருந்து புறப்பட்டு, செப்டம்பரில் நடந்து முடித்தார். திரும்பிப் போக முடிந்ததால்தான் அவருக்கு 1955 கிடைத்தது. பாட்டி காட்டுவது 'சோதனை வேண்டாம்' என்பதை அல்ல, 'தோற்றுத் திரும்பலாம், தப்பில்லை' என்பதை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் நியாயமானது. வீட்டுத் தோட்டத்தில் கட்டிப் பார்ப்பதால் மலைக்காற்று தெரியுமா? தெரியாதுதான். நீச்சல் குளத்தில் பழகியவருக்குக் கடல் தெரியாது. அதற்காக யாரும் நேரே கடலில் குதித்துப் பழகுவதில்லையே. படிப்படியாகப் போவது ஒன்றும் கஷ்டமில்லை.

முதல் படி தோட்டம். கையுறை போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, தனியாகக் கட்டிப் பார்க்க வேண்டும். தோட்டத்துக் குழாயால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்தால் எந்தத் தையல் அழுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டாவது படி, மழை வரும் என்று வானிலை அறிக்கை சொல்கிற ஓர் இரவைத் தேடிப் பிடித்து அதே தோட்டத்தில் தூங்குவது. தாங்க முடியவில்லை என்றால் பத்து அடியில் வீடு, அசடு வழிவதோடு முடிந்தது. :-)

மூன்றாவது படி, பள்ளத்தாக்கு. கேர்ன்கார்மிலேயே லாரிக் க்ரூ கணவாய்ப் பாதையில் கொரூர் என்று ஒரு கல் குடில் இருக்கிறது. 1965-ல் தொடங்கிய மலைக்குடில் சங்கம் ஒன்று அதைப் பராமரிக்கிறது, யாரும் தங்கலாம். அந்த மாதிரிக் குடிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கூடாரம் போட்டால், காற்றும் நிஜம், குளிரும் நிஜம், ஆனால் நடுராத்திரி கூடாரம் விழுந்தால் எழுந்து போய்ப் படுக்க நாலு சுவர் இருக்கிறது. இருட்டில் போகவேண்டிய வழியை மட்டும் வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் மேடும் முகடும். அப்போதும் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டு.

இடையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெளியே மழை, கூடாரத்துக்குள் குளிர், பசி. அடுப்பை உள்ளேயே பற்றவைத்தால் என்ன என்று தோன்றும். லேசான கூடாரத்தின் துணி ஒரு நொடியில் உருகும். அதைவிட மோசம், மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வாசல் தாழ்வாரம் ஒரு பானை வைக்கக்கூடப் பத்தவில்லை என்பதெல்லாம் தோட்டத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. தெரிந்திருந்தால் அன்றைக்குச் சமைக்கத் தேவையில்லாத உணவாவது பையில் இருக்கும்.

'எல்லாவற்றையும் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தால் சாகசம் என்ன மிச்சம்?' என்பார்கள். நிறைய மிச்சம். தனியாக மலை ஏறுவதன் சுகம் மலையில் இருக்கிறது. விடியற்காலையில் கூடாரத்து ஜிப்பைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பிக் கிடப்பதில் இருக்கிறது. முளை நிற்குமா நிற்காதா என்று விடிய விடியக் கண் விழித்துக் கிடந்தவருக்கு அந்த மேகத்தைப் பார்க்கத் தெம்பு இருக்காது. கூடாரத்தைப் பற்றி நினைக்கவே தேவையில்லாத நிலைமைக்கு வந்த பிறகுதான் மலையைப் பற்றி நினைக்க முடியும்.

கடைசியாக, சோதித்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள் பற்றி. ஒரே ஒரு அமைதியான இரவு தூங்கிவிட்டு "பத்துக்கு ஒன்பது மார்க்" என்று எழுதுகிறவர் மார்க் போட்டது கூடாரத்துக்கு அல்ல, அன்றைய வானிலைக்கு. அதைப் படித்து வாங்குகிற யாரோ ஒருவர் அடுத்த மாதம் அதே கூடாரத்தோடு ஒரு மேட்டில் தனியாக நிற்பார். அவருக்குத் தேவை மார்க் அல்ல. எத்தனை இரவு, எவ்வளவு காற்று, மழை பெய்ததா, எந்த உயரம், காலையில் உள்ளே எவ்வளவு ஈரம், கட்ட எத்தனை நிமிடம், எது சொதப்பியது என்பதுதான் தேவை. 'காற்றில் சோதிக்கவில்லை' என்று ஒரு வரி நேர்மையாக எழுதினால்கூடப் போதும். அந்த ஒரு வரி யாரோ ஒருவரைச் சரியான நேரத்தில் கீழே இறங்க வைக்கலாம்.

பரீட்சையில் பேனா மக்கர் பண்ணினால் பக்கத்து பெஞ்சில் கேட்டு வாங்கலாம், ஹாலில் நிற்கிற வாத்தியாரே ஒன்று கொடுப்பார். மலைமேல் தனியாக இருப்பவருக்குப் பக்கத்து பெஞ்ச் கிடையாது. ராத்திரியே ரெண்டு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுப் போவதுதான் நல்லது.